காலாப்பட்டுச் செம்மண்ணும் சகாராவின் கறுப்பு மணலும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் கிளம்பினால், அரை மணி நேரத்துக்குள் மாநில எல்லை மூன்று முறை மாறும். முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டக் கணக்கு. பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி. சின்ன காலாப்பட்டு, பெரிய காலாப்பட்டு, பல்கலைக்கழகம், மத்திய சிறை என்று கொஞ்ச தூரம் போய், கனகசெட்டிகுளம் முடிந்ததும் திரும்பத் தமிழ்நாடு. பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. மதுக்கடைகள் எங்கே நெருக்கமாக ஆரம்பிக்கின்றனவோ அங்கே எல்லை என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராக, துண்டு துண்டாகப் பிடித்த நிலம் இது. அதனால்தான் வரைபடத்தில் காலாப்பட்டு ஒரு தீவு போலக் கிடக்கிறது. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு.

சாலைக்குக் கிழக்கே தென்னையும் மீனவர் குப்பமும். மேற்கே ஏறினால் செம்மண் மேடு. முந்திரி, சவுக்கு, மழை கிடைத்தால் மணிலா. (வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றும் மணிலா என்றும்தான் சொல்வார்கள்.) ஐப்பசியில் மழை வலுத்தால் மேட்டிலிருந்து ஓடி வரும் தண்ணீர் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சாலையைத் தாண்டிக் கடலுக்குள் போகும். பொம்மையார்பாளையத்துப் பக்கம் இந்த ஓட்டம் பல காலமாக அறுத்து அறுத்து, ஆள் ஆழத்துக்கும் மேலான செம்மண் ஓடைகளை உண்டாக்கி வைத்திருக்கிறது. சினிமாக்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். விவசாயிக்கு அது போன மண்.

இந்த மேட்டின் ஓரத்தில் எழுபது சென்ட் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கரையும் குத்தகைக்கு எடுத்து மணிலா போடுகிறார். குத்தகை நிலத்தின் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர். ஊரில் அவருக்கு 'சொல்தா' என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போன ஆவணியில் ஒரு நிலத் தரகர் அந்தப் பெண்ணைத் தேடி வந்தார். எழுபது சென்ட்டுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அக்கம்பக்கத்து விலையில் பாதிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம்தான் புதிது.

"கல்பாக்கத்துக் காத்து வர்ற மண்ணும்மா இது. கடல் ஓரமா கறுப்பு மணல் வேற கெடக்குது. கருவி வச்சா கதிர்வீச்சு காட்டும். நாளைக்குத் தெரிஞ்சா இதுகூடப் போவாது" என்று சொல்லி, கையில் இருந்த செல்போனில் ஒரு வீடியோவையும் காட்டினார். ஏதோ ஒரு கடற்கரையில் யாரோ ஒருவர் கருவியை மணலில் வைக்க, அது டிக் டிக் என்று அடித்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் நேராகப் பெரியவரிடம் போனார்.

"பெரியப்பா, நம்ம மண்ணு கெட்டுப்போச்சாமே?"

"எவன் சொன்னான்?"

"தரகர் சொல்றாரு. அணு மண்ணாம்."

பெரியவர் சிரிக்கவில்லை. "அணு மண்ணு எப்படி இருக்கும்னு அந்தாளுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

அவருக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இளவயதில் அல்ஜீரியாவில் இருந்தவர். குண்டு வெடித்த பாலைவனப் பக்கம் அவர் போனதில்லை. வடக்கே கடலோரப் படைவீட்டோடு சரி. ஆனால் அந்தக் காலத்தில் அந்த நாட்டில் இருந்த எந்தச் சிப்பாயின் காதிலும் ரெகான் என்ற பெயர் விழாமல் இருந்திருக்காது.

ஈச்சந்தோப்புக்குப் பக்கத்தில் ஒரு குண்டு

1960 பிப்ரவரி 13ஆம் தேதி விடியற்காலையில், அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் ரெகான் ஊருக்குத் தெற்கே ஹமூதியா என்ற இடத்தில், பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 'நீல ஜெர்போவா' என்று அதற்குப் பெயர். ஜெர்போவா என்பது பாலைவனத்தில் தாவித் தாவி ஓடும் ஒரு சின்ன எலி. வேகம் 70 கிலோடன். ஹிரோஷிமாவில் போட்டதைப் போல நாலைந்து மடங்கு. அடுத்த பதினான்கு மாதங்களில் வெள்ளை, சிவப்பு, பச்சை என்று இன்னும் மூன்று எலிகள் வெடித்தன. முதல் மூன்றும் பிரெஞ்சுக் கொடியின் நிறங்கள்.

இதில் காலாப்பட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கதி உண்டு. 1954 நவம்பர் 1ஆம் தேதியே புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். 1956இல் போட்ட ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறு வருஷம் ஆறப்போட்டது; அல்ஜீரியப் போர் முடிந்து அந்த நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. ஆக, சகாராவில் அந்த நாலு குண்டுகளும் வெடித்தபோது, காகிதக் கணக்கில் காலாப்பட்டுச் செம்மண்ணும் ரெகான் மணலும் ஒரே கொடிக்குக் கீழே இருந்தன.

ரெகான் சும்மா வெறும் பாலைவனம் இல்லை. அது ஈச்சமரச் சோலை. நிலத்துக்குக் கீழே பல கிலோமீட்டர் தூரம் வாய்க்கால் குடைந்து, அந்தத் தண்ணீரைச் சரிவாகவே கொண்டுவந்து ஈச்சந்தோப்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் பாய்ச்சும் முறை அங்கே உண்டு. 'ஃபொக்காரா' என்பார்கள். எந்த வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து பிரிப்பதற்கு ஆள் உண்டு. நம் ஊர் நீர்க்கட்டி மாதிரி. அப்படிப்பட்ட விவசாயிகளுக்குச் சில பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் குண்டு வெடித்தது.

வெடித்த இடத்தில் மணல் உருகிக் கண்ணாடிக் கட்டிகளாகக் கறுத்துப்போனது. வெடிப்பின் பலத்தைச் சோதிக்க நிறுத்தியிருந்த வண்டிகளும் தளவாடங்களும் மணலுக்குள் புதைக்கப்பட்டன. பிரெஞ்சுப் படை 1967இல் கிளம்பிப் போனது. எங்கே என்ன புதைத்தோம் என்ற முழு வரைபடம் வேண்டும் என்று அல்ஜீரியா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது. காற்று மணலை நகர்த்த நகர்த்த இரும்பு வெளியே தலைகாட்டியது. இரும்பு கிடைத்தால் ஏழை விடுவானா? கூரைக்கும் வேலிக்கும் எடுத்துப் போனார்கள்.

இதைவிட மோசமானது 1962 மே 1ஆம் தேதி நடந்தது. இன் எக்கர் என்ற இடத்தில் மலையைக் குடைந்து உள்ளே வைத்து வெடித்தார்கள். மலை தாங்கும் என்று நம்பி இரண்டு பிரெஞ்சு அமைச்சர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சுரங்கத்தின் அடைப்பு பிய்த்துக்கொண்டு, கதிரியக்கப் புகையும் உருகிய பாறையும் வெளியே பீறிட்டன. அமைச்சர்கள், அதிகாரிகள், சிப்பாய்கள் எல்லோரும் ஓடினார்கள். அந்த இருவரில் ஒருவரான காஸ்தோன் பலேவ்ஸ்கி 1984இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அன்று பட்டதுதான் காரணம் என்று அவரே நம்பினார்.

சர்வதேச அணுசக்தி முகமையின் ஆட்கள் 1999இல் இந்த இடங்களுக்குப் போய் மண் எடுத்துச் சோதித்து, 2005இல் அறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலான இடத்தில் கதிரியக்கம் குறைவு. இரண்டு வெடிப்பிடங்களின் நடுப்பகுதியிலும், அந்த மலையடியில் உறைந்து கிடக்கும் பாறைக் குழம்பிலும் மட்டும் அதிகம். மலையடிக்கு ஆள் போகாமல் தடுக்க வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட அறிக்கையைத்தான் விவசாயி கவனித்துப் படிக்க வேண்டும். 'பாலைவனமே விஷம்' என்று அது சொல்லவில்லை. 'ஒன்றுமே இல்லை' என்றும் சொல்லவில்லை. எந்த இடம், எவ்வளவு என்று சொன்னது.

மண்ணில் விழுந்தது எங்கே போகிறது?

குண்டு வெடித்தால் நூற்றுக்கணக்கான கதிரியக்கப் பொருள்கள் உண்டாகும். பெரும்பாலானவை சில நாளில் அடங்கிவிடும். விவசாயியைத் துரத்துபவை சில மட்டுமே. அயோடின் 131 எட்டு நாளில் பாதியாகும். ஆனால் அந்த எட்டு நாளைக்குள் புல்லில் விழுந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பாலில் இறங்கி, குழந்தையின் தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பியில் உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் 90 பாதியாக ஏறத்தாழ 29 வருஷம் ஆகும். செடிக்கும் உடம்புக்கும் அது சுண்ணாம்புச்சத்து மாதிரியே தெரியும். எலும்புக்கும் பல்லுக்கும் போகும். சீசியம் 137க்கு 30 வருஷம். அது சாம்பல் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வேருக்குள் நுழையும். புளுட்டோனியம் 239 பாதியாவதற்கு 24,000 வருஷத்துக்கு மேல். ஆனால் அது வேரில் அதிகம் ஏறாது. தூசியாக மூச்சில் போனால்தான் வினை.

அமெரிக்காவில் 1950களில் நெவாடா பாலைவனத்தில் குண்டு வெடித்தபோது, அதன் பலனை முதலில் அனுபவித்தவை செம்மறி ஆடுகள். 1953 வசந்தத்தில், அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு யூட்டா மாநிலத்துக்குத் திரும்பிய மந்தைகளில் 4,000க்கும் மேற்பட்ட ஆடுகளும் குட்டிகளும் செத்தன. வாயிலும் மூக்கிலும் புண். ஆட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தீவனக் குறைவு, குளிர் என்று அரசாங்கம் வாதாடி 1956இல் ஜெயித்தது. இருபத்தாறு வருஷம் கழித்து, அதே நீதிபதி, 'அன்று அரசாங்கம் என் நீதிமன்றத்தை ஏமாற்றியது' என்று தீர்ப்பை மாற்றி எழுதினார். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. ஆட்டுக்காரர்களுக்குக் கடைசிவரை காசு வரவில்லை. மண்ணிலோ மேய்ச்சலிலோ கலந்த விஷத்துக்கு அன்றைக்கே மாதிரி எடுத்து, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டாம்.

நம் நாட்டிலும் இதே மாதிரி ஒரு சண்டை ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ராஜஸ்தானின் பொக்ரானில் 1974 மே 18ஆம் தேதி ஒரு முறையும், 1998 மே 11, 13 தேதிகளில் ஐந்து முறையும் நிலத்துக்கடியில் அணுகுண்டு சோதித்தார்கள். பக்கத்து ஊர் கேதோலாய். மரத்தையும் மானையும் சாமியாக நினைக்கும் பிஷ்னோய் மக்கள். பாலும் கம்பும் அவர்களின் பிழைப்பு. வெடிப்பில் வீடும் தண்ணீர்த் தொட்டியும் விரிசல் விட்டன. அதற்குப் பிறகு மாடுகளுக்கு நோய், ஊரில் புற்றுநோய் அதிகம் என்று அவர்கள் சொல்கிறார்கள். வெடிப்பு பூமிக்குள் நடந்தது, கதிரியக்கம் வெளியே வரவில்லை என்று அரசு சொல்கிறது. ஊர்க்காரர்கள் கேட்பது மருத்துவமனையும், முறையான உடல்நலப் பரிசோதனையும்.

பொக்ரானுக்கும் காலாப்பட்டுக்கும்கூட ஒரு நூலிழை உறவு இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தின் விலாசம் 'ஆர். வெங்கட்ராமன் நகர், காலாப்பட்டு'. பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்து குடியரசுத் தலைவரான அதே ஆர்.வி. தான். அவர் 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோதே பொக்ரானில் அடுத்த சோதனைக்கு எல்லாம் தயாராகி, வெளிநாட்டு நெருக்கடியால் கைவிடப்பட்டது. இதை அவரே 1998இல் வெளியில் சொன்னார்.

தென்னைக்குப் போட்ட பொட்டாஷ்

சரி, கெட்ட மண் திரும்புமா?

இதற்குப் பதில் தேடினால் பசிபிக் கடலில் பிகினி என்ற பவளத் தீவுக்குப் போக வேண்டும். அமெரிக்கா 1946இல் அங்கிருந்த 167 பேரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, 1958 வரை 23 குண்டுகள் வெடித்தது. பிறகு, 'ஆபத்து போய்விட்டது, வரலாம்' என்று சொல்லித் தென்னை நட்டுக் கொடுத்தது. சில குடும்பங்கள் திரும்பின. தென்னை காய்த்தது. இளநீரைக் குடித்தார்கள், தேங்காயைத் தின்றார்கள். சில வருஷத்தில் அவர்கள் உடம்பில் சீசியம் ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. 1978இல் மறுபடியும் கப்பல் வந்து அழைத்துப் போய்விட்டது. தீவு இன்றும் ஏறத்தாழக் காலிதான்.

ஏன் அப்படி ஏறியது? அங்கே களிமண்ணே இல்லை. பவளம் பொடிந்த மணல் மட்டுமே. சில வகைக் களிமண் சீசியத்தைத் தன் அடுக்குகளுக்குள் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் கொடுக்காது. பவள மணலில் அந்தப் பிடி கிடையாது. சாம்பல் சத்தும் அங்கே மிகவும் குறைவு. பொட்டாஷ் தேடி அலைந்த தென்னை வேர், அதைப் போலவே இருந்த சீசியத்தை இழுத்துக்கொண்டது.

காரணம் தெரிந்ததும் வைத்தியமும் கிடைத்தது. விஞ்ஞானிகள் தென்னைக்குப் பொட்டாஷ் உரம் போட்டுப் பார்த்தார்கள். காயில் இருந்த சீசியம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஒரு முறை நன்றாகப் போட்டால் பல வருஷம் பலன் நின்றது. ஜப்பானில் 2011இல் புக்குஷிமா அணு உலை வெடித்தபோது நெல் வயல்களிலும் இதையே செய்தார்கள். சில இடத்தில் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் வழித்து எடுத்தார்கள். மற்ற வயல்களில் 100 கிராம் மண்ணில் 25 மில்லி கிராம் சாம்பல் சத்து இருக்கும்படி பொட்டாஷ் போட்டார்கள். அரிசியில் சீசியம் ஏறவில்லை. ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சுண்ணாம்பு இதே மாதிரி வேலை செய்யும்.

மேல்மண்ணை வழித்தால் வழித்த மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வரும். ஆஸ்திரேலியாவின் மரலிங்காவில் பிரிட்டன் குண்டு சோதித்த நிலத்தை அப்படித்தான் வழித்து, பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள். அந்த நிலத்தின் பூர்வகுடிகளிடம் கடைசித் துண்டு திரும்பியது 2014இல். வளமான மேல்மண் போன வயலில் அடுத்த பயிர் எப்படி வரும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். பொட்டாஷ் வைத்தியம் மண்ணை எடுக்காமல் வேரை மட்டும் ஏமாற்றுகிறது. அதுவே மேல்.

டிக் டிக் என்று எது அடித்தது?

இனித் தரகர் சொன்ன கதைக்கு வரலாம்.

காலாப்பட்டு மண்ணில் அணுகுண்டின் சுவடு இருக்கிறதா என்று கேட்டால், நேர்மையான பதில்: இருக்கும். காலாப்பட்டில் மட்டுமல்ல, திருநெல்வேலியிலும் இருக்கும், பாரிசிலும் இருக்கும். 1945 முதல் 1980 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் 500க்கும் மேற்பட்ட குண்டுகளை வெடித்தன. மேலே போன சீசியம் உலகமெங்கும் மழையோடு இறங்கியது. அதிகம் இறங்கியது 1963ஐ ஒட்டிய வருஷங்களில். இரண்டு முறை பாதியாகி, இன்று அதில் கிட்டத்தட்ட கால் பங்குதான் மிச்சம். உழாத நிலத்தில் அது மேல் ஒரு சாணுக்குள்ளேயே தங்கியிருக்கும். மண் அரிப்பை ஆராய்கிறவர்கள் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சீசியம் குறைவாக இருந்தால், அங்கே மேல்மண் அரித்துப் போயிருக்கிறது என்று கணக்கு. குண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சுவட்டின் அளவு மிகச் சிறியது. நம் உடம்பில் இயற்கையாகவே இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கம் உள்ளது. வளர்ந்த ஒரு ஆள் உடம்பில் நொடிக்கு ஏறத்தாழ நாலாயிரம் தடவை அது வெடித்துக்கொண்டே இருக்கிறது. உரக்கடையில் அடுக்கியிருக்கும் பொட்டாஷ் மூட்டைக்குப் பக்கத்தில் கருவியை வைத்தாலும் கூடுதலாகத்தான் டிக் டிக் அடிக்கும். அதற்காக யாரும் உரக்கடையை மூடுவதில்லை.

கறுப்பு மணல் கதை வேறு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவராவிலும் கடற்கரையில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம் உண்டு. கருவி நன்றாகவே அடிக்கும். ஆனால் எல்லாக் கறுப்பு மணலும் மோனசைட் அல்ல. இரும்பும் டைட்டானியமும் கலந்த இல்மனைட்டும் கறுப்புதான். தோரியம் தாதுக் குருணைக்குள் பூட்டிக் கிடக்கிறது. சீசியம் மாதிரி கரைந்து வேருக்குள் ஓடாது. எங்கோ எடுத்த வீடியோவைக் காட்டி இன்னொரு ஊர்த் தோட்டத்துக்கு விலை பேசுவது மோசடி.

கல்பாக்கம் இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். முதல் உலை ஓடத் தொடங்கியது 1983இல். அதற்கு முன்பே அங்கே ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் வைத்து, சுற்றுவட்டார ஊர்களில் தண்ணீர், பால், மீன், காய்கறி, மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்து வருகிறார்கள். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவெர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. உலை பற்றிய பயமும் எதிர்ப்பும் இருக்கிறவர்கள் இருக்கட்டும், அது அவர்கள் உரிமை. அளந்து சொன்ன எண்ணைக் கேட்பதும் உரிமைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, எந்த ஊரில் எப்போது மாதிரி எடுத்தீர்கள், என்ன அளவு வந்தது என்று கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். குரும்பாப்பேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் செய்யும் மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் சத்துக்கும் உவர், அமிலத் தன்மைக்கும்தான். கதிரியக்கம் அதில் தெரியாது. எந்தப் பொருள், எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, ஜெர்மேனியம் உணர்கருவி பொருத்திய காமா நிறமாலைக் கருவி வேண்டும். 'சீசியம் 137, கிலோவுக்கு இத்தனை பெக்கெரல்' என்று எழுதிய தாள் இல்லாமல், வெறும் டிக் டிக் சத்தத்தை நம்பி யாரும் நிலத்தை விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

ஆனாலும் மண் பரிசோதனை வீண் இல்லை. செம்மண் மேட்டுக்கும் கடலோர மணலுக்கும் ஒரு பலவீனம் பொது: சாம்பல் சத்தைப் பிடித்து வைக்கும் களிமண் குறைவு. பிகினியின் நோய் எதுவோ அதன் சின்ன நிழல் இங்கேயும் உண்டு. காய்க்கிற தென்னைக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ஆனி ஆடியில் பாதி, மார்கழி தையில் பாதி. பலரும் யூரியாவை மட்டும் போட்டுவிட்டுப் பொட்டாஷை விட்டுவிடுகிறார்கள். மணிலாவுக்குப் பூவெடுத்து மண் அணைக்கிற நேரம் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவதும் அப்படித்தான் விட்டுப்போகிறது. கதிரியக்கம் இருக்கிறதோ இல்லையோ, காய் பருக்கவும் பொக்குக் குறையவும் இவை வேண்டும்.

சொல்தாவின் பெட்டி

பெரியவர் இதையெல்லாம் இந்த வரிசையில் சொல்லவில்லை. பாதி பிரெஞ்சும் பாதி காலாப்பட்டுத் தமிழுமாகச் சொன்னார். இடையில் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் அவருடைய ராணுவச் சேவைப் புத்தகம். எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார் என்று முத்திரை குத்தியிருக்கும்.

"இதை எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க பெரியப்பா?"

"எனக்கு இதுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா பாலைவனத்துக்கும் தீவுக்கும் போனவங்க வீட்ல இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அதான் வருத்தம்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பிரான்ஸ் சகாராவில் 17 குண்டுகளும், பசிபிக்கின் முருரோவா, ஃபங்கதாவ்ஃபா தீவுகளில் 1966 முதல் 1996 வரை 193 குண்டுகளும் வெடித்தது. அங்கே வேலை பார்த்து நோய்ப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 2010 ஜனவரி 5ஆம் தேதி ஒரு சட்டம் கொண்டுவந்தது. மோரேன் சட்டம் என்று பெயர். பட்டியலில் உள்ள புற்றுநோய்களில் ஒன்று இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். சகாராவுக்கு 1960 பிப்ரவரி 13 முதல் 1967 டிசம்பர் 31 வரை. பாலினீசியாவுக்கு 1966 ஜூலை 2 முதல் 1998 டிசம்பர் 31 வரை. ஆள் இறந்துபோயிருந்தால் வாரிசும் மனுச் செய்ய வழி உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் நிறைய. பரணில் கிடக்கும் சேவைப் புத்தகத்தை ஒரு தடவை இறக்கி, ஊர்ப் பெயரையும் தேதியையும் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

"அந்த ஆட்டுக்காரனுங்க கதை கேட்டியே, காயிதம் இல்லாமதான் தோத்தானுங்க" என்றார் பெரியவர்.

மறுநாள் தரகர் போன் செய்தார். தோப்பில் நின்றுகொண்டே அந்தப் பெண் பேசினார்.

"கதிர்வீச்சு இருக்குதுன்னு சொன்னீங்களே அண்ணே, அதுக்கு ஆய்வுக்கூடத்துல குடுத்த காயிதம் இருந்தா கொண்டாங்க. பாத்துட்டு வெல பேசலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

ஐப்பசி பிறந்துவிட்டது. தரகர் இன்னும் வரவில்லை. ஆடியில் விட்டுப்போன பாதிப் பொட்டாஷை, முதல் மழை நின்று ஈரம் இருக்கும்போதே போட்டுவிட அந்தப் பெண் நாலு மூட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். மேட்டிலிருந்து வரும் செந்தண்ணீர் தோப்புக்குள் புகுந்து மேல்மண்ணை இழுத்துப் போகாமல் இருக்க, மேற்கு ஓரமாக வரப்பு உயர்த்தும் வேலை பாக்கி. பெரியவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, எங்கே தாழ்வாக இருக்கிறது என்று கைத்தடியால் காட்டிக்கொண்டிருக்கிறார்.